உருளும் பந்தும் உறுதி பெறும் உடலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"உழைத்துக் களைத்தவனுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர் உண்டு. வயலில் நாற்று நடுகிறவருக்கும், சூளையில் செங்கல் சுமக்கிறவருக்கும், ஆலையில் மூட்டை தூக்குகிறவருக்கும் உழைப்பே உடற்பயிற்சி என்று நாம் நம்பிவிட்டோம். நாற்காலியில் அமர்ந்து தொந்தி வளர்த்தவர்களுக்குத்தான் பயிற்சிக்கூடமும் பந்தும் தேவை என்றும் முடிவு கட்டிவிட்டோம். இந்த நம்பிக்கை சரிதானா? இயற்பியல் படிக்கும் மாணவன் என்ற முறையிலும், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் என்ற முறையிலும் இக்கேள்விக்கு விடை தேடவேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது. தேடிக் கண்டதை இம்மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அரிசி ஆலையில் மூட்டை ஏற்றி இறக்கி வருகிறார். அம்மா நூறுநாள் வேலைக்கும், நடவு, களை வேலைகளுக்கும் போய்வந்தவர். அப்பாயிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். சரியான பிறந்த ஆண்டு அவருக்கே தெரியாது. 'பெரிய புயல் அடிச்ச வருஷத்துல எனக்கு நடக்கிற வயசு' என்பதுதான் அவர் சொல்லும் கணக்கு. இந்த மூவரின் உடல் உழைப்பில்தான் என் பாடப்புத்தகங்கள் வந்தன. ஆகவே உடல் என்பது எங்கள் வீட்டில் அழகுப் பொருள் அன்று; அதுதான் எங்கள் முதலீடு, அதுதான் எங்கள் சேமிப்பு.

அந்தச் சேமிப்பில் ஒருநாள் விரிசல் விழுந்தது. நான் முதலாண்டு இரண்டாம் பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம், லாரியில் அடுக்குவதற்காக 50 கிலோ மூட்டையைக் குனிந்து எடுத்த அப்பாவால் நிமிர முடியவில்லை. உடன் வேலை செய்தவர்கள் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, படுத்த நாளெல்லாம் பட்டினி நாள்தான். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கொக்கியை நான் கையில் எடுத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எனக்குள் எழுந்தது. அதை வாய்விட்டுச் சொன்னபோது, அப்பா படுத்தபடியே, "என் இடுப்பு போனா போவுது தம்பி, உன் பரீட்சை போவக்கூடாது" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

மருத்துவமனையில் ஒரு நீலப் பந்து

அரசு மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, எலும்பு முறிவோ நரம்பு நசுங்கலோ இல்லை என்றார்கள். மாத்திரையும் சில நாள் ஓய்வும் தந்து, பிறகு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்கள். வலியின் உக்கிரம் தணியும்வரை அவர் நடக்கச் சொன்னாரே தவிர, வேறு எதுவும் செய்யச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பெரிய நீலநிறப் பந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "இதுமேல உட்காருங்கய்யா" என்றார்.

அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "பேரன் பேத்தி விளையாடற வயசுல என்னையப் பந்துமேல உட்கார வெக்கிறாங்களே!" என்று என் காதோடு சொன்னார். ஆனால், உட்கார்ந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முழு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகைமேல் நடந்து லாரியில் ஏறுகிற மனிதர், ஒரு காலைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்த்த முடியாமல் தள்ளாடினார். வலிமை இருந்தது, ஆனால் அந்த வலிமையை ஒழுங்குபடுத்தும் சிறு தசைகள் உறங்கிக் கிடந்தன. "ஐயாவுக்குக் கையிலயும் தோள்லயும் பலம் இருக்கு. நடு உடம்பைத்தான் எழுப்பணும்" என்றார் இயன்முறை மருத்துவர். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை நூலகத்துக்கும் நம் கல்லூரி உடற்கல்வித் துறைக்கும் ஓட வைத்தது.

பந்துகளின் கதை

அந்தப் பெரிய பந்து பிறந்த நாடு இத்தாலி. 1963 ஆம் ஆண்டில் அக்விலினோ கோசானி என்ற நெகிழிப் பொருள் உற்பத்தியாளர், பெரிய அளவில் உறுதியான பந்துகளை வார்க்கும் முறையைக் கண்டார். விளையாட்டுப் பொருளாக வந்த அதை மருத்துவத்துக்கு எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் மேரி குவின்டன். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவரான அவர், மூளை முடக்குவாதம் கொண்ட சிறு குழந்தைகளின் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்தினார். பின்னர், பாசல் நகரில் இயன்முறை மருத்துவப் பள்ளியை நடத்திய சுசான் கிளைன்-ஃபோகல்பாக் என்ற அம்மையார் பெரியவர்களின் முதுகு, இடுப்புக் கோளாறுகளுக்கும் அதை உரியதாக்கினார். அங்கே அதைக் கண்டு சென்ற அமெரிக்க மருத்துவர்கள் தம் நாட்டில் 'சுவிஸ் பந்து' என்று பெயர் வழங்கினர். ஆக, இத்தாலியில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்து பெயர்பெற்ற பந்து இது. நடக்க முடியாத பிள்ளைகளை நிமிர்த்தவே அது முதலில் மருத்துவ அறைக்குள் நுழைந்தது. உடற்கட்டு அழகுக்காக அன்று. இதை எண்ணும்போது எனக்கு அதன்மேல் தனி மரியாதை தோன்றுகிறது.

இன்னொரு பந்து 'மெடிசின் பால்'. பெயரில்தான் மருந்து இருக்கிறது. உள்ளே இருப்பதோ எடை! தோலாலோ ரப்பராலோ செய்யப்பட்டு, ஒரு கிலோ முதல் பல கிலோ வரையிலான எடைகளில் கிடைக்கிறது. இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1929 முதல் 1933 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் உடல்நலத்தைக் காக்க, அவருடைய மருத்துவர் ஜோயல் பூன் ஒரு விளையாட்டை வகுத்தார். எட்டடி உயர வலைக்கு மேலாக ஆறு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ எடையுள்ள மெடிசின் பாலை எறிந்து பிடிக்கவேண்டும். வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் காலைதோறும் ஹூவரும் அவருடைய நண்பர்களும் இதை ஆடினார்கள். அந்த ஆட்டத்துக்கு 'ஹூவர்பால்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இவற்றைப் படிக்கும்போது, "இவை நமக்குப் புதியனவா?" என்ற கேள்வி எழுகிறது. கர்லாக்கட்டையைத் தோளைச் சுற்றிச் சுழற்றும் பயில்வான் செய்வதும் உடம்பின் நடுப்பகுதியை நிலைநிறுத்தி, கைகளால் எடையை ஆள்வதுதானே? சிலம்பம் ஆடுகிறவர் கற்பது காலடி வைப்பும் சமநிலையுந்தானே? தென் மாவட்டத்துச் சிற்றூர்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல், உருண்டையான ஒரு பெரும் 'மெடிசின் பால்' அன்றி வேறென்ன? வழுவழுப்பான அந்தக் கல்லைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, தோளுக்கு ஏற்றிப் பின்னே போடுவதற்கு வெறும் முரட்டு வலிமை போதாது. தூக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் முதுகும் நெம்புகோலும்

நண்பர்களே, நெம்புகோல் தத்துவத்தை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் அது கரும்பலகையில் வரைந்த கோட்டோடு நின்றுவிட்டது. அதை ஒரு தொழிலாளியின் முதுகில் வைத்துப் பாருங்கள்.

குனிந்து தூக்கும்போது இடுப்பு முள்ளெலும்பு சுழலச்சு ஆகிறது. முதுகை நிமிர்த்தும் தசைகள் அந்த அச்சுக்குப் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் இழுக்கின்றன. சுமையோ முன்னால் வெகுதூரத்தில் இருக்கிறது. 50 கிலோ மூட்டை 40 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். 50 × 40 = 2000. இதை 5 ஆல் வகுத்தால் 400. அதாவது, 50 கிலோ மூட்டைக்காக முதுகுத் தசை 400 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தரவேண்டியிருக்கிறது! குனிந்த உடலின் எடையை இதில் நான் சேர்க்கவேயில்லை. அதே மூட்டையை 20 செ.மீ. அளவுக்கு உடலோடு நெருக்கிக்கொண்டால் இது 200 ஆகக் குறைகிறது. இக்கணக்கை நோட்டில் போட்டு முடித்தபோது என் கை சற்றே நடுங்கியது. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள், இப்படி எத்தனை ஆண்டு என்று பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தலைச்சுமைக்காரர்கள் ஏன் சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கிறார்கள் என்பதும் இங்கே விளங்குகிறது. சுமை முதுகெலும்புக்கு நேர்மேலே அமைவதால், திருப்புத்திறன் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. இடுப்பில் ஒரு பக்கமாகக் குடம் சுமக்கும்போது உடல் மறுபக்கம் சாய்ந்து ஈடுகட்டுவதும் இதனாலேதான். படிக்காத நம் தாய்மார்கள் இயற்பியலை நடந்தே கற்றிருக்கிறார்கள்!

இனி, பந்துக்கு வருவோம். சமநிலை மூவகை என்று படித்தோம்: உறுதிச் சமநிலை, உறுதியற்ற சமநிலை, நடுநிலைச் சமநிலை. அடிப்பாகத்தில் நிற்கும் கூம்பு முதல் வகை. முனையில் நிற்கும் கூம்பு இரண்டாம் வகை. படுத்துக் கிடக்கும் கூம்பு மூன்றாம் வகை. தரையில் கிடக்கும் பந்தும் மூன்றாம் வகையே. எங்கு உருண்டாலும் அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம் மாறுவதில்லை. ஆனால் அதன்மேல் ஒரு மனிதன் அமர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அவனுடைய ஈர்ப்பு மையம் உருளக்கூடிய ஒன்றின்மேல் இருக்கிறது. சிறிது சாய்ந்தாலும் சாய்வு வளரும். அதை வளரவிடாமல் நொடிக்கு நொடி திருத்துவது யார்? வயிற்றைச் சுற்றிப் பட்டையாக ஓடும் ஆழ்தசைகளும், முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறுதசைகளுந்தான். கால் இரண்டும் தரையில் அகன்றிருந்தால் தாங்கும் பரப்பு பெரிது, வேலை எளிது. ஒரு காலைத் தூக்கினால் பரப்பு சுருங்குகிறது, வேலை கூடுகிறது. இப்படி, எடை ஏதும் ஏற்றாமலே பயிற்சியைக் கடினமாக்கலாம்.

இந்தத் திருத்தத்துக்கு வேண்டிய செய்தி மூளைக்கு மூன்று வழிகளில் போகிறது. கண் ஒன்று, உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று, தசை, மூட்டு, பாதத்தோல் ஆகியவற்றின் உணர்வு மூன்றாவது. உட்காதிலே மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்திருக்கின்றன. நாம் வடிவியலில் வரையும் மூன்று அச்சுகளையும் இயற்கை காதுக்குள்ளேயே வரைந்துவைத்திருக்கிறது! ஐயமிருந்தால் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு கண்களை மூடுங்கள். மூன்றில் ஒரு தூதனை அனுப்பாமல் நிறுத்தியதும் உடல் படும் பாட்டை அப்போது அறிவீர்கள்.

மெடிசின் பாலிலும் பாடம் இருக்கிறது. 3 கிலோ பந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 15 அலகு. கையை விறைப்பாக நீட்டி 0.05 நொடியில் நிறுத்தினால், சராசரி விசை 300 நியூட்டன். பிடித்த கையை நெஞ்சை நோக்கி இழுத்து 0.2 நொடி எடுத்துக்கொண்டால் 75 நியூட்டன்தான். எறிவதும் அப்படியே. விசை பாதத்திலிருந்து புறப்பட்டு, இடுப்பின் வழியாக ஏறி, கையில் முடிகிறது. நடுவே இடுப்பு தளர்ந்திருந்தால், ஓட்டை வாய்க்காலில் விட்ட தண்ணீர் போல விசை வழியிலேயே வீணாகிறது.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லலாம். உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. வேறுபாடுகள் மூன்று.

முதலாவது, அளவு. பயிற்சியில் உடலுக்கேற்ற எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுகிறோம். உழைப்பிலோ மூட்டையின் எடைதான் சட்டம். பதினெட்டு வயதுப் பையனுக்கும் ஐம்பது வயதுப் பெரியவருக்கும் அதே மூட்டைதான்.

இரண்டாவது, சமன். பயிற்சியில் இடமும் வலமும், முன்னும் பின்னும் எல்லாத் திசையிலும் உடலை இயக்குகிறோம். உழைப்பில் பழகிய தோளே மீண்டும் மீண்டும் சுமக்கிறது. அப்பாவின் சட்டைகளில் வலத்தோள் மட்டும் நைந்துபோயிருப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சட்டைக்குள்ளே இருக்கும் தோளும் அப்படித்தானே ஆகியிருக்கும்!

மூன்றாவது, ஓய்வு. தசை வளர்வது வேலை செய்யும்போது அன்று. வேலைக்குப் பிந்தைய ஓய்விலும் உணவிலும் உறக்கத்திலுந்தான். மூட்டைக்குக் கூலி என்றான இடத்தில் ஓய்வு என்பது நட்டம். வலித்தால் நிறுத்தலாம் என்ற உரிமை பயிற்சி செய்கிறவனுக்கு உண்டு. லாரி காத்திருக்கும்போது தொழிலாளிக்கு இல்லை.

ஆகவே, பயிற்சி தேவைப்படுபவர்களின் வரிசையில் உழைப்பவன் முதலில் நிற்கவேண்டியவன். ஆனால் அவனோ அந்த வரிசையிலேயே இல்லை. பந்தும் பயிற்சிக்கூடமும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று அவன் ஒதுங்கியிருக்கிறான். நாமும் அவனை ஒதுக்கியிருக்கிறோம்.

பந்து ஒன்றும் மந்திரக்கோல் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஆண்டர்சன், பெம் என்ற ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நிலையான பலகையில் படுத்து மேல்நோக்கித் தள்ளும்போது தரமுடிந்த விசை, பந்தின்மேல் படுத்துத் தள்ளியபோது ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்துபோயிற்று. தசைகளின் மின்செயல் மட்டும் குறையவில்லை. நிலையைக் காப்பதற்கே தசைகள் பாடுபட்டுவிட்டன என்பது இதன் பொருள். எனவே பெருவலிமை வேண்டுவோர் உறுதியான தரையில் நின்றுதான் எடை தூக்கவேண்டும். பந்து அதற்குத் துணையே தவிர மாற்று அன்று. பந்தின்மேல் ஏறி நின்று வித்தை காட்டுவது சர்க்கஸ்காரருக்கு அழகு, நமக்கு ஆபத்து.

நாங்கள் செய்து பார்த்தது

நம் கல்லூரி விளையாட்டுப் பொருள் அறையின் மூலையில் தோல் மெடிசின் பால்கள் சில தூசு படிந்து கிடந்தன. உடற்கல்வி இயக்குநரிடம் அனுமதி கேட்டேன். "தூசு தட்டினா போதும், நீயே எடுத்துக்க" என்றார். அன்று முதல் விடுதி நண்பர்கள் நால்வரோடு வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு மைதானத்தில் கூடினோம். முதலில் சிறிது ஓட்டம். பிறகு நெஞ்சுக்கு நேராக எறிதல், தலைக்கு மேலிருந்து எறிதல், பக்கவாட்டில் திரும்பி அடுத்தவனிடம் கொடுத்தல், பந்தை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுதல். ஒவ்வொன்றும் பத்து முறை, இடையில் ஓய்வு. முதல் வாரம் நெஞ்சும் வயிறும் வலித்தன. இரண்டு மாதம் கழித்து, ஆய்வகத்தில் மூன்று மணிநேரம் நின்றாலும் முதுகு வலிக்கவில்லை என்பதை நாங்களே கவனித்தோம். உழைக்கும் வீடுகளிலிருந்து வந்த நாம், படிக்க வந்ததும் நாள் முழுதும் பெஞ்சில் குந்தியிருக்கிறோம். உழைப்பாளியின் உடலும் இல்லை, பயிற்சி பெற்ற உடலும் இல்லை என்ற இரண்டுங்கெட்டான் நிலை நமக்கு வந்துவிடக்கூடாது.

பெரிய பந்தை வாங்கத்தான் பணம் வேண்டியிருந்தது. இரண்டு முகூர்த்த நாட்கள் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனேன். பந்தி பரிமாறிப் பந்து வாங்கினேன் என்று நண்பர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். இப்பந்துகள் 45, 55, 65, 75 செ.மீ. என்ற அளவுகளில் வருகின்றன. உட்கார்ந்தால் தொடை தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கவேண்டும் என்பதே தேர்வு முறை. அப்பாவின் உயரத்துக்கு 65 சரியாக இருந்தது. மிதிவண்டிப் பம்பாலேயே காற்றடித்தோம். ஆணியும் கல்லும் இல்லாத, வழுக்காத தரை வேண்டும். தொடங்குகிறவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே அப்பா செய்தார். பந்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கால்களை மாற்றி மாற்றித் தூக்குதல். மல்லாந்து படுத்து, குதிகாலைப் பந்தின்மேல் வைத்து இடுப்பை உயர்த்துதல். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே பந்தை வைத்து மெல்ல உட்கார்ந்து எழுதல். தெருப்பிள்ளைகள் வாசலில் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அப்பா கதவைச் சாத்திவிட்டுச் செய்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு கதவைத் திறந்துவைத்தே செய்தார்.

வலி அடியோடு பறந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. ஆனால் நான்காம் மாதம் அவர் ஆலைக்குத் திரும்பினார். இப்போது பாதி நாள் எடைபோடுவதும் சாக்குத் தைப்பதும், பாதி நாள் சுமையும். கூலி குறைவுதான். மூட்டையை எடுக்கும் முன் உடலோடு நெருக்கி, முழங்காலை மடக்கி எடுக்கிறார். உடன் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் அதைச் சொல்கிறார். "என் மவன் கணக்குப் போட்டுக் காட்டிருக்கான்டா, நானூறு கிலோவாம்!" என்று அவர் சொல்வதாக அறிந்தபோது, பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றிருந்தாலும் அவ்வளவு மகிழ்ந்திருப்பேனா என்று தோன்றியது. அம்மாவின் தோடு தை மாதம் திரும்பி வந்தது.

முதியோரும் ஒற்றைக்காலும்

வலிமையைவிடச் சமநிலை மிகுதியாக வேண்டியது முதியோருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். இவர்களுள் பெரும்பகுதியினர் அறுபதைக் கடந்தவர்கள். 2022 இல் வெளிவந்த பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று, 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஒற்றைக்காலில் 10 நொடி நிற்கச் சொன்னது. ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. பிந்திய ஆண்டுகளில் அவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. ஒற்றைக்காலில் நில்லாமைதான் இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உடல் தளர்ந்துவருவதை அது முன்கூட்டியே அறிவிக்கிறது எனலாம். அறுபத்தைந்தைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்யவேண்டும் என்று 2020 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

அப்பாயியைப் பந்தின்மேல் உட்காரவைக்கும் துணிவு எனக்கு இல்லை. அது தேவையும் இல்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருகிறார். நான் பத்து எண்ணுவதற்குள், "வேகமா எண்ணுடா, கொக்கா நானு?" என்பார். கொல்லைப்புறம் போகச் சுவரைப் பிடித்து நடந்தவர், இப்போது கையை வீசிக்கொண்டு நடக்கிறார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வாங்க வசதியில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். கிழிந்துபோன பழைய கைப்பந்து ஒன்று போதும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 4.8 லிட்டர். முழுதும் உலர்ந்த மணலை நிரப்பினால் எட்டு கிலோவை நெருங்கிவிடும். தொடங்குகிறவருக்கு அது மிகை. மணலோடு மரத்தூளைக் கலந்து, தராசில் வைத்துப் பார்த்து, இரண்டு அல்லது மூன்று கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள். சைக்கிள் கடைக்காரர் வாயை ஒட்டித் தருவார். ஆனால் இதைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கவும், சுமந்து உட்கார்ந்து எழவும் பயன்படுத்துங்கள். சுவரில் ஓங்கி அடித்தால் பிரிந்துவிடும். முதுகுவலியோ வேறு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்கவேண்டும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. நம்மில் பலருடைய படிப்பு என்னும் சித்திரம், பெற்றோரின் உடல் என்னும் சுவரில் எழுதப்படுகிறது. பட்டம் பெற்று வேலைக்குப் போய்த்தான் அவர்களைக் காக்கவேண்டும் என்பதில்லை. இந்த வார விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நீங்கள் கற்ற நெம்புகோலை உங்கள் தந்தைக்கு விளக்கிச் சொல்லுங்கள். அம்மா குடம் தூக்கும் முறையைக் கவனியுங்கள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுங்கள். நம் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருப்போம்; வருகிறவர்கள் வரலாம். பந்துகள் போதாவிட்டால் மாற்றி மாற்றி எறிந்துகொள்வோம்.